ம-க-ரி-ஸ: ஸ்பானிய நாட்டுப்பாடலில் சோகம் உருவாகும் விதம்

1934-இல் வலென்சியாவில் பிறந்து, உள்நாட்டுப் போருக்குப் பின் பிரான்சில் அகதியாக வாழ்ந்த பாக்கோ இபான்யெஸ், 1964-இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். லோர்கா, கோங்கோரா ஆகிய இரு கவிஞர்களின் வரிகளுக்குத் தாமே மெட்டமைத்து, கிட்டாரின் துணையோடு பாடியிருந்தார். இத்தகைய பாடல்களைக் கேட்கும்போது, ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாதவருக்கும் மனம் கனத்துப் போகிறது. மேற்கத்திய இசையில் சோகத்தோடு தொடர்புபடுத்தப்படும் ‘மைனர்’ சுரவரிசை என்பதால் சோகம் என்று சொல்லி முடித்துவிடும் விளக்கம் பரவலாக இருக்கிறது. அது போதாது என்பதே என் கருத்து.

தென் ஸ்பெயினின் ஆண்டலூசியப் பகுதியிலிருந்து பரவிய நாட்டுப்பாடல்களில், நான்கு கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) படிப்படியாக இறங்கும் வரிசை ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்பது அதன் வழக்கமான வடிவம். ஈ சுரத்தை ஷட்ஜமாக (ஸ) வைத்துக்கொண்டால், இவற்றின் அடிச்சுரங்கள் ம-க-ரி-ஸ என இறங்குவதைக் கர்நாடக இசை அறிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். கமகங்களை விடுத்துச் சுரத்தானங்களை மட்டும் பார்த்தால், இவ்வகைப் பாடல்களின் அடிப்படைச் சுரவரிசை நம் தோடி ராகத்தினுடையதே. முடிவில் வரும் ஈ மேஜர் கார்டு, காந்தாரத்தின் (க) உயர்ந்த வடிவமான அந்தர காந்தாரத்தைக் கொண்டுவருவதால், அந்த இடத்தில் அது வகுளாபரண ராகத்தின் பக்கம் சாய்கிறது.

இந்த இறக்கத்தில் ம-க, க-ரி ஆகிய இரண்டும் முழுச்சுர இடைவெளிகள். கடைசியாக வரும் ரி-ஸ மட்டும் அதில் பாதியான அரைச்சுரம். ஐரோப்பியச் செவ்வியல் இசை பெரும்பாலும் ஷட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழேயுள்ள நிஷாதத்திலிருந்து மேலேறித்தான் தன் முடிவை அடைகிறது. இங்கே நிஷாதம் ஒரு முழுச்சுரம் தள்ளி நிற்பதால் அந்த மேல்நோக்கிய இழுப்பு இல்லை. ஷட்ஜத்தை ஒட்டி மேலே இருக்கும் சுத்த ரிஷபம்தான் கீழ்நோக்கித் தள்ளுகிறது. மேலும், எஃப் கார்டின் மூன்று சுரங்களும் ஒரே நேரத்தில் அரைச்சுரம் இறங்கினால் கிடைப்பதே ஈ மேஜர் கார்டு. ஒரு சுரம் மட்டும் இறங்குவதும் மொத்த ஒலியும் ஒன்றாகச் சரிவதும் காதுக்கு வேறுவேறு அனுபவங்கள். கிட்டார் கலைஞருக்கோ இது கையை ஒரு ஃபிரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள கட்டு) நகர்த்தும் வேலைதான்.

கிட்டாரின் பங்கு இதோடு நிற்பதில்லை. எஃப் கார்டைப் பிடிக்கும்போது முதல் தந்தியை அழுத்தாமல் திறந்தே ஒலிக்கவிடுவது ஆண்டலூசியக் கலைஞர்களின் வழக்கம். திறந்த அந்தத் தந்தி ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. நான்காம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் எழும் எஃப் சுரத்தின் அதிர்வெண் சுமார் 175 ஹெர்ட்ஸ். அதனுடன் சேர்ந்தே மெலிதாக ஒலிக்கும் இரட்டை அதிர்வெண் ஒலியான முதல் மேற்சுரம் சுமார் 349 ஹெர்ட்ஸில் விழுகிறது. இரண்டும் உரசும்போது நொடிக்கு ஏறத்தாழ இருபது விம்மல்கள், அதாவது ஒலி கூடிக் குறையும் துடிப்புகள், எழுகின்றன. இத்தனை வேகத்தில் வரும் விம்மல்களைக் காது தனித்தனியாக எண்ணுவதில்லை, கரகரப்பாக உணர்கிறது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இலேயே விளக்கினார். கார்டு ஈயில் இறங்கியதும் அந்த உரசல் அடங்குகிறது. ஆகவே, சரிவின் கடைசிப் படியில் ஓர் இறுக்கம் தளர்வதையும் சேர்த்தே கேட்கிறோம்.

ஆனால் இவை மட்டுமே சோகத்தை உண்டாக்குமானால், ஆண்டலூசியாவின் புலேரியா வகைப் பாடல்களும் அழவைக்க வேண்டும். அவையும் இதே சுரவரிசையிலும் பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட தாளத்திலும்தான் அமைகின்றன. ஆயினும் வேகமான கைதட்டலோடு கொண்டாட்டங்களில் பாடப்படுகின்றன. அதே சுரவரிசையும் பன்னிரண்டு எண்ணிக்கையும் கொண்டு, மெதுவாக நடக்கும் சொலெயா என்ற பாடல் வகை நெஞ்சை அழுத்துகிறது. அந்த அரைச்சுரத்தின் மேல் காது தங்குவதற்கு நேரம் கிடைக்கும்போதுதான் அதன் சுமை தெரிகிறது.

பேச்சையும் இசையையும் ஆராய்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2003-இல் தொகுத்துப் பார்த்த ஜூஸ்லின், லாவ்க்கா ஆகிய உளவியலாளர்கள், துயரத்தின் அடையாளங்கள் இரண்டிலும் பெருமளவு ஒத்திருப்பதைக் காட்டினார்கள். மெதுவான வேகம், தணிந்த ஒலியளவு, ஏற்ற இறக்கம் குறைந்த குரல், கூர்மை மழுங்கிய ஒலி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இதை இசையமைப்பாளர் மானுவல் தே ஃபாயாவின் குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1922-இல் கிரனாடாவில் அவரும் லோர்காவும் மற்றவர்களும் சேர்ந்து ஆழ்பாடல் (ஆண்டலூசியாவின் ‘காந்தே ஹோந்தோ’) போட்டி ஒன்றை நடத்தியபோது, இப்பாடல்களின் மெட்டு ஆறு சுர எல்லையை அரிதாகவே தாண்டுகிறது என்றும், ஒரே சுரத்தைப் பிடிவாதமாகத் திரும்பத் தொடுகிறது என்றும் ஃபாயா எழுதினார். துக்கத்தில் இருப்பவர் பேசும் விதமும் அதுதான். ஆழ்பாடல் பாடகரின் குரல் சில நேரம் உரக்க வெடித்தாலும், மெட்டு அந்தக் குறுகிய எல்லைக்குள்ளேயே சுற்றிவருகிறது.

தனியொருவராகக் கிட்டாரோடு பாடுபவருக்கு இதில் கூடுதல் வசதி ஒன்று உண்டு. வில் கொண்டு இழைக்கும் வயலினைப் போலக் கிட்டார் சுரத்தை நீட்டித் தாங்க முடியாது. மீட்டிய கணத்திலிருந்தே தந்தியின் ஆற்றல் வடிகிறது. உயர்ந்த மேற்சுரங்கள் முதலில் மறைவதால், பளிச்சென்று பிறந்த ஒலி சில நொடிகளில் மங்கித் தாழ்கிறது. ஜூஸ்லினும் லாவ்க்காவும் சொன்ன அடையாளங்களுள் இரண்டை, அதாவது ஒலியளவு தணிவதையும் கூர்மை மழுங்குவதையும், ஒவ்வொரு மீட்டலும் தானாகவே நிகழ்த்திக் காட்டுகிறது. வாத்தியக் குழுவோடு பாடுபவர் மற்றவர்களின் தாளத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். குரலும் விரலும் ஒருவருடையதாகவே இருக்கும்போது, எஃப் கார்டு எவ்வளவு தேய்ந்த பிறகு ஈயில் இறங்குவது என்பதைப் பாடுபவரே ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்கிறார்.