மெம்பர் ஐயாவிடம் கொடுத்த கடிதம்: சட்டத்தரணியும் மக்கள் பிரதிநிதியும் ஒருவராகவே இருக்கும்போது

2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த திங்கட்கிழமைக் காலையில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அம்மா ஒருவர் ஹட்டனிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பொலித்தீன் பையைப் பிரித்து இரண்டு கடிதங்களை மேசையில் வைத்தார். முதலாவது, தோட்ட நிர்வாகம் ஏப்ரல் 12ஆம் திகதியிட்டு ஆங்கிலத்தில் கொடுத்த வேலைநீக்கக் கடிதம். மற்றையது, மாகாண சபை உறுப்பினர் ஒருவர் தமது பதவிப் பெயர் அச்சிட்ட தாளில் தோட்ட முகாமையாளருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி. இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்த இந்தப் பெண்ணின் விடயத்தை அனுதாபத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். அந்த உறுப்பினர் ஒரு சட்டத்தரணியும்கூட.

"மெம்பர் ஐயா பாத்துக்கிறேன்னு சொன்னாருங்க மிஸ். கேஸு எப்ப கூப்புடுவாங்கன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார் அந்த அம்மா.

வழக்கே போடப்பட்டிருக்கவில்லை. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, வேலைநீக்கத்தை எதிர்த்து, தொழிலாளர் முறையீடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குச் செல்ல விரும்பும் தொழிலாளி, வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இந்தக் கால எல்லை ஒரு வருடமாக இருந்தது. திகதிகளைக் கூட்டிப் பார்த்தபோது பன்னிரண்டு நாட்கள் பிந்திவிட்டிருந்தன. அந்தக் கணக்கை அவருக்கு விளங்கப்படுத்தியது என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலைகளில் ஒன்று.

அதே வாரம் அந்த உறுப்பினரை நீதிமன்ற வளாகத்தில் கண்டு விடயத்தைச் சொன்னேன். அவர் உண்மையிலேயே மனம் வருந்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் வீட்டு முற்றத்தில் நாற்பது ஐம்பது பேர் நிற்பார்கள் என்றும், அவர்களில் பெரும்பாலானோர் சிபாரிசுக் கடிதத்துக்கே வருவார்கள் என்றும், அந்த அம்மாவும் அதற்குத்தான் வந்தார் என்று எண்ணியதாகவும் சொன்னார். அந்த அம்மாவோ ஒரு லோயரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டோம், இனி வழக்கு நடக்கும் என்று நம்பியிருந்தார். அவர் மக்கள் பிரதிநிதியாக வாங்கியதை, இவர் சட்டத்தரணியிடம் கொடுத்திருக்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஆறு மாதம் போய்விட்டது. இந்த ஒன்றைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சட்டம் படித்தவர் சபைக்குப் போவதை நான் குறை கூறவில்லை. மலையகத் தமிழருக்கு அதன் தேவை எவ்வளவு பெரியது என்பதை நம் வரலாறே காட்டுகிறது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். அடுத்த வருடமே, நம் மக்களில் பெரும்பாலானோரைப் பிரஜாவுரிமை இல்லாதவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், வாக்குரிமை பிரஜைகளுக்கு மட்டுமே என்று ஆக்கியதால், தோட்டத்து மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து போயின. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதி இடாப்பில் பெயர் சேர்க்கப்படாத கோடாக்கன் பிள்ளை தொடர்பான வழக்கு, சிறுபான்மையினருக்கு எதிராகப் பாரபட்சமான சட்டம் இயற்றக்கூடாது என்ற அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைப் பற்றிக்கொண்டு, அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1953இல் தோற்றது. பிரஜாவுரிமையை நமக்குத் திருப்பித் தந்தவை 1988ஆம் ஆண்டிலும், 35ஆம் இலக்கச் சட்டமாக 2003ஆம் ஆண்டிலும் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களே. சபையில் எடுக்கப்பட்டதைச் சபையில்தான் மீட்க முடிந்தது.

இன்னொரு உதாரணம் நம் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலிலேயே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகவே முப்பது வருடம் இருந்தது. வாக்கும் போட்டு, உறுப்பினரையும் தெரிவுசெய்த மக்கள், தம் வீட்டுப் பாதைக்கு ஒரு லோட் கல் கேட்டபோது "அது தோட்டத்துக் காணி" என்ற பதிலைக் கேட்டார்கள். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இப்படிப்பட்ட ஒரு வரியைக் கண்டுபிடிப்பதற்கும், அதை எந்தச் சொல்லால் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதற்கும் சட்டக் கண் வேண்டும். சட்டத்தரணியான ஒருவர் சபையில் இருப்பதன் முழுப் பயன் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆயிரம் சிபாரிசுக் கடிதங்களைவிட ஒரு திருத்தம் அதிக வீடுகளை எட்டும்.

இரண்டு தொழிலையும் ஒருவர் ஒரே காலத்தில் செய்யலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். செய்யலாம். அரச உத்தியோகத்தர் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது. தனியாகத் தொழில் செய்யும் சட்டத்தரணி அரச உத்தியோகத்தர் அல்லர் என்பதால் அவருக்கு அந்தத் தடை கிடையாது. சபையில் இருந்தபடியே நீதிமன்றங்களில் தோன்றிய பெரிய சட்டத்தரணிகள் நம் நாட்டில் எப்போதும் இருந்து வந்திருக்கிறார்கள். (ஊரில் வயதானவர்கள் இன்றும் அப்புக்காத்து (அட்வகேட்), பிரக்கிராசி (புறொக்டர்) என்று இரு வகை வழக்கறிஞர்களாகப் பிரித்துப் பேசுவதுண்டு, 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அந்த இரண்டையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயரில் சேர்த்துவிட்டது.) ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக, ஒரு நாளில் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு மேல் அவருக்குக் கிடைத்துவிடாது. பாராளுமன்றம் வழக்கமாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் செவ்வாய் முதல் வெள்ளி வரை கூடுகிறது. அந்த நாட்களில் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் இருப்பவர் ஹட்டன் நீதவான் நீதிமன்றத்திலோ, நுவரெலியா மாவட்ட நீதிமன்றத்திலோ நிற்க முடியாது. அவருடைய கனிஷ்ட சட்டத்தரணி எழுந்து தவணை கேட்பார். எதிர்த்தரப்புக் கம்பனிக்குத் தவணை ஒரு செலவே இல்லை. நம் கட்சிக்காரருக்கோ (வழக்கை நம்மிடம் ஒப்படைத்தவருக்கோ) ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் பெயரும் (நாட்கூலியும்) பஸ் கூலியும் இழப்பு.

அதிகம் அறியப்படாத இன்னொரு விடயமும் உண்டு. நீதிமன்றத்தின் முன் நிலுவையில் இருக்கும் விடயத்தைச் சபையில் பேசுவதைச் சபையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகள் தடுக்கின்றன. ஆகவே உங்கள் வழக்கை எடுத்து நடத்தும் உறுப்பினர், அதே விடயத்தைச் சபையில் எழுப்புவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவரால் முடியாது; செய்தால் உங்கள் வழக்குக்கே கேடு வரலாம். அதேபோல், கட்சிக்காரர் சொன்ன இரகசியத்தைக் காப்பது 1988ஆம் ஆண்டின் சட்டத்தரணிகள் நடத்தை விதிகள் ஒவ்வொரு சட்டத்தரணி மீதும் சுமத்தும் கடமை. நீங்கள் அலுவலகத்தில் சொன்னதை மேடையில் உதாரணமாகச் சொல்ல எந்தத் தேர்தலும் அவருக்கு உரிமை தராது. கடமை தவறும் சட்டத்தரணியை இடைநிறுத்தவும், பெயரை நீக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவர் உறுப்பினரா, அமைச்சரா என்று அங்கே பார்க்கப்படுவதில்லை.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் மக்கள் அதிகம் தடுமாறும் இடம் அதுதான். 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டத்தில் ஒரு தெளிவான கோடு இருந்தது. ஒருவருக்காக அரச உத்தியோகத்தரைப் போய்ச் சந்தித்துப் பேசுவதற்குப் பாராளுமன்ற உறுப்பினர் பணமோ வேறு கைம்மாறோ பெறுவது குற்றம். ஆனால் அதே உறுப்பினர் சட்டத்தரணியாக நீதிமன்றத்தில் தோன்றுவது அந்தக் குற்றத்துக்குள் வராது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்திருக்கிறது. மக்கள் பிரதிநிதிகள் சொத்து விபரம் வெளிப்படுத்த வேண்டிய கடமையும் இப்போது அதன்கீழ்தான் வருகிறது. பழைய கோட்டை இன்னும் மனதில் வைத்திருப்பது நல்லது. நீதிமன்றத்தில் உங்களுக்காக எழுந்து நிற்பதற்குக் கொடுப்பது சட்டத்தரணிக் கட்டணம். பிரதேச செயலகத்திலோ, பொலிஸ் நிலையத்திலோ, கல்வித் திணைக்களத்திலோ "ஒரு வார்த்தை சொல்வதற்கு" கொடுப்பது வேறு. "ஐயாவுக்குச் சும்மா போகக்கூடாது" என்று நம்மவர்கள் உறையில் வைத்துக்கொண்டு போகும் பணம், கொடுத்தவரையும் வாங்கியவரையும் சிக்கவைக்கக் கூடியது. மக்கள் பிரதிநிதியின் உதவிக்குக் கட்டணம் கிடையாது. அவருக்கு வாக்கைக் கொடுத்துவிட்டீர்கள்.

அப்படியானால் அவரைச் சந்திக்கும்போது என்ன செய்வது? முதலில், வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்: "ஐயா, இதை நீங்கள் வழக்காக எடுக்கிறீர்களா, கடிதமாக எடுக்கிறீர்களா?" வழக்காக எடுத்தால் அதற்கு அடையாளம் இருக்கும். மாவட்ட நீதிமன்ற வழக்கென்றால் புறொக்சி என்று நாங்கள் சொல்லும் நியமனப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து வாங்கப்படும். தொழில் நியாய சபை விண்ணப்பமென்றாலும் அதில் உங்கள் கையெழுத்து இருக்கும். ஒப்படைத்த பிறகு ஓர் இலக்கம் கிடைக்கும். கையெழுத்தும் வைக்கவில்லை, இலக்கமும் இல்லையென்றால், உங்கள் விடயம் இன்னும் மேசை லாச்சியில்தான் இருக்கிறது. கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள்; நேர்மையான எந்தச் சட்டத்தரணியும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அசல் கடிதங்களைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். போட்டோப் பிரதியைக் கொடுத்து அசலை வீட்டு டிரங்குப் பெட்டியில் வையுங்கள்.

கால எல்லைகள் சட்டத்தரணி எவ்வளவு பெரியவர் என்பதைப் பார்ப்பதில்லை. வேலைநீக்கத்துக்கு ஆறு மாதம் என்பதை மேலே சொன்னேன். பொலிஸாரோ அரச அதிகாரியோ அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்வதற்கு ஒரே ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. பண வசதியில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் நிற்பதற்கு முன் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தோட்டத்து லயங்களிலிருந்து சட்டக் கல்லூரிக்கும் சட்ட பீடங்களுக்கும் போகும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்களில் சிலரைத் தொழிற்சங்கங்கள் தேடி வரும். பிறகு பிரதேச சபை, மாகாண சபை என்று அழைப்பு வரும். போங்கள், நம் சமூகத்துக்கு நீங்கள் தேவை. ஆனால் அந்தப் பாதையில் நிலையான தரை கிடையாது. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். 58 உறுப்பினர்களைக் கொண்ட அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஊவா மாகாண சபையின் காலம் அதற்கு அடுத்த வருடம் முடிந்தது. தொகுதி எல்லை நிர்ணயம் இழுபட்டு, தேர்தல் நடக்காமல், ஆளுநர்களே மாகாணங்களை நிருவகித்தபோது, முன்னாள் உறுப்பினர்களான சட்டத்தரணிகள் மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். ஐந்து வருடம் கோப்புகளைக் கனிஷ்டர்களிடம் விட்டுவிட்டுப் போனவர்களைத் தேடிக் கட்சிக்காரர்கள் வரவில்லை. சபைக்குப் போகும்போது, கையிலிருக்கும் வழக்குகள் ஒவ்வொன்றையும் யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதைக் கட்சிக்காரருக்கு எழுத்தில் அறிவித்துவிட்டுப் போனவர்களோ, திரும்பி வந்தபோது தம் மேசையை அப்படியே கண்டார்கள். இரு வகையினரையும் எனக்குத் தெரியும்.

அந்த அம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். மீண்டும் வேலை கேட்கும் வாசல் அடைபட்டிருந்தது, மற்றவை அடைபடவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் பதினான்கு நாட் சம்பளம் சேர வேண்டும்; இருபத்திரண்டு வருடத்துக்கு 308 நாட் சம்பளம். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்து, தாமதத்துக்கான மேலதிகத் தொகையோடு அதைப் பெற்றோம். ஊழியர் சேமலாப நிதிப் பணமும் வந்தது. வேலை போய்விட்டதால் லயத்து அறையைக் காலி பண்ணச் சொன்னார்கள். 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புகள் விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளையில்லாமல் அவரை வெளியேற்ற முடியாது என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தின் பிரதியில் திகதியையும் என் கையெழுத்தையும் இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டு, மடித்து, அதே பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டார்.