பேனல் போர்டுக்கு முன் எந்த ரப்பர் மேட் போட வேண்டும்?

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளிலும் உயர் அழுத்த மின் இணைப்பு வாங்கியிருப்பவர்கள் பலர். மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் சுவிட்சுகள் உள்ள பேனல் போர்டுக்கு முன்னால் மின்காப்பு மேட் விரிப்பது அவர்கள் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அதைக் கேட்கின்றன. வாங்கிப் போடுவது முதலாளியின் பொறுப்பு. வயர்மேன் அதை உரிமையோடு கேட்கலாம், கைக்காசைப் போட வேண்டியதில்லை.

மேட் என்றதும் பலரும் தடிமனைத்தான் பார்க்கிறார்கள். அது தப்பான அளவுகோல். தடித்த சாதாரண ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும் என்று நம்பி நிற்பது உயிரோடு விளையாடுவது. 2006-ல் வந்த ஐஎஸ் 15652 என்ற இந்தியத் தரத்தில் மேட்டுகள் மூன்று வகை. ‘ஏ’ வகை 3.3 கிலோவோல்ட் வரை, தடிமன் 2 மில்லிமீட்டர். ‘பி’ வகை 11 கிலோவோல்ட் வரை, 2.5 மில்லிமீட்டர். ‘சி’ வகை 33 கிலோவோல்ட் வரை, 3 மில்லிமீட்டர். 415 வோல்ட் போர்டுக்கு ‘ஏ’ போதும், 11 கிலோவோல்ட் பிரேக்கர் முன்னால் ‘பி’ வேண்டும். உங்கள் லைன் 22 கிலோவோல்ட் என்றால் ‘பி’ பற்றாது, ‘சி’தான். ஐஎஸ் 5424 என்று போட்டிருந்தால் அது 1969-ம் ஆண்டின் பழைய தரம், வாங்காதீர்கள்.

மேட்டின் மேலேயே ஐஎஸ்ஐ முத்திரை, வகை எழுத்து, தயாரித்த மாதம், ஆண்டு அழியாதபடி இருக்கிறதா என்று பாருங்கள். பில்லோடு சோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்கி வையுங்கள். மின் ஆய்வாளர் வரும்போது காட்ட உதவும்.

நம் பக்கத்துத் தோல் ஷெட்டுகளுக்கு இன்னொரு கவலை உண்டு. தரையில் உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு, அமிலம், எண்ணெய் எல்லாம் ஓடும். இந்தத் தரத்து மேட்டுகளை அமிலத்திலும் காரத்திலும் எண்ணெயிலும் சோதிப்பது உண்மைதான். ஆனாலும் ஈரமும் அழுக்கும் படிந்த மேட்டின் மேல்பரப்பு வழியாகவே மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். போர்டு அறைக்குள் தண்ணீர் வராமல் தடுத்துவிட்டு, தரை நன்றாகக் காய்ந்த பிறகு விரியுங்கள். பின்பக்கக் கதவைத் திறந்து வேலை செய்வார்கள் என்றால் அங்கேயும் வேண்டும்.

மேட் காப்பது காலுக்கும் தரைக்கும் நடுவில் மட்டும். ஒரு கை மின்சாரம் உள்ள பேஸ் கம்பியிலும் மறு கை எர்த் ஆன போர்டு உடம்பிலும் பட்டால் மேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே சப்ளையை நிறுத்தி, டெஸ்ட் செய்து, எர்த் போட்ட பிறகே கை வைக்க வேண்டும். கையுறையும் கட்டாயம். மேட்டில் வெட்டோ வெடிப்போ கண்டால் ஒட்டுப் போடாமல் மாற்றிவிடுங்கள்.