டார்பன் பிடிக்க நாள் குறிக்கும் முன் நீரோட்டத்தைப் பாருங்கள்

“தம்பி, மீன் கண்ணெதிரே புரளுது. ஏன் ஒண்ணுகூட எடுக்க மாட்டேங்குது?”

போன மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், பாஹியா ஹோண்டா பாலத்துக்கடியில், டார்பன் என்ற பெரிய கடல் மீனுக்காகக் காத்திருந்தபோது என் படகில் இருந்த பெரியவர் கேட்டது இது. மகனையும் பேரனையும் கூட்டிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் இருபது மீனாவது மேலே வந்து முதுகைக் காட்டிவிட்டுப் போயிருக்கும். “தண்ணி நிக்குது ஐயா. ஓட ஆரம்பிக்கட்டும்” என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. முக்கால் மணி கழித்து, தூண் ஓரம் சும்மா மிதந்துகொண்டிருந்த கடற்பாசி மெல்ல நகர்ந்தது. நங்கூரக் கயிறு விறைத்தது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பேரன் கையில் இருந்த ராடு வளைந்து ரீல் அலற ஆரம்பித்தது.

ஃப்ளோரிடா கீஸ் தீவுகளில், மாரத்தான் ஊரில், 11 வருடமாக ஆட்களைத் தூண்டில் மீன்பிடிக்கப் படகில் கூட்டிப்போவது என் தொழில். மார்ச் முதல் ஜூலை வரை டார்பன்தான். இப்போது நம் ஆட்களும் நிறையப் பேர் வருகிறார்கள். விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் போட்டுவிட்டு, கடைசியாக என்னைக் கூப்பிட்டு “சனிக்கிழமை காலை 8 மணிக்கு வரலாமா?” என்று கேட்கிறார்கள். அந்த 8 மணிக்குத் தண்ணீர் என்ன செய்துகொண்டிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர் கேள்விக்கு முதலில் பதில். டார்பன் காற்றையும் சுவாசிக்கும் மீன். அதன் காற்றுப்பை நுரையீரல் மாதிரி வேலை செய்யும். மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போகும். நாம் பார்க்கும் அந்தப் புரளல் பெரும்பாலும் மூச்சுதான், பசி இல்லை. இரை எடுக்கிறதா என்பதைச் சொல்வது ஓட்டம். 100 பவுண்டு மீன் ஒரு நண்டுக்காக அங்குமிங்கும் அலையாது. பாலத்துத் தூணுக்குப் பின்னால், வேகம் குறைந்த இடத்தில், ஓட்டத்தை எதிர்த்து முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். நண்டு, இறால், மடவை எல்லாவற்றையும் தண்ணீரே வாய்க்குக் கொண்டுவந்து தரும். தண்ணீர் நின்றால் இந்தப் பந்தி நின்றுவிடும், மீனும் வரிசை கலைந்து திரியும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. போனில் பார்க்கும் ஏற்ற வற்ற அட்டவணை தண்ணீரின் உயரத்தைச் சொல்கிறது, ஓட்டத்தைச் சொல்வதில்லை. மாலை 6 மணிக்கு ஏற்றம் உச்சம் என்று போட்டிருந்தால், 6 மணிக்கே பாலத்தடியில் தண்ணீர் நின்று திரும்பிவிடும் என்று நினைக்கிறோம். கீஸில் அப்படி நடப்பதில்லை. பாலத்துக்கு ஒரு பக்கம் மெக்சிகோ வளைகுடாவும் ஃப்ளோரிடா விரிகுடாவும், மறுபக்கம் அட்லாண்டிக். இரண்டு பக்கமும் ஏற்றம் ஒரே நேரத்தில் வருவதில்லை. எந்தப் பக்கம் மட்டம் உயர்ந்திருக்கிறதோ அங்கிருந்து மறுபக்கம் ஓடிக்கொண்டேயிருக்கும். உயரம் உச்சத்தைத் தொட்ட பிறகும் கால்வாயில் நல்ல ஓட்டம் இருப்பதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அமெரிக்கக் கடல் வளிமண்டல நிறுவனமான நோவா, உயரத்துக்கு ஓர் அட்டவணையும் நீரோட்டத்துக்குத் தனி அட்டவணையும் வெளியிடுகிறது. இரண்டாவதைப் பாருங்கள். அப்புறம், ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று நண்பருக்கு மீன் கிடைத்த நேரம் இன்று உங்களுக்கு உதவாது.

நாள் குறிப்பதற்கு நம் வீட்டுக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிது, ஓட்டமும் வேகம். அஷ்டமியை ஒட்டி மந்தம். மே கடைசியிலும் ஜூனிலும் வரும் அமாவாசை, பௌர்ணமி மாலைகளில் தண்ணீர் கடலுக்கு வடியும்போது பலோலோ புழுக்கள் பாறை இடுக்கிலிருந்து கூட்டமாக வெளியே நீந்தும். விரல் நீளம்கூட இருக்காது, சிவந்த நிறம். அன்று டார்பனுக்கு வெறி பிடித்துவிடும், ஆனால் நாம் போடும் நல்ல நண்டை ஏறிட்டும் பார்க்காது. வடக்கே, ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் இருக்கும் போக்கா கிராண்டேவிலும் இதே அமாவாசை, பௌர்ணமி வற்றத்தில் சார்லட் ஹார்பர் விரிகுடாவிலிருந்து நண்டுகள் கூட்டமாக வெளியே அடித்துவரப்படும். அந்த ஓட்டத்துக்கு அங்குள்ளவர்கள் ‘ஹில் டைட்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் புதிதாக வருபவர்களுக்கு நான் அமாவாசை அன்றைக்கே நாள் தருவதில்லை. இரண்டு மூன்று நாள் முன்பின்தான் தருவேன். உச்ச ஓட்டத்தில் இரை ஓரிடத்தில் நிற்காது. காற்று எதிரே அடித்தால் அலை செங்குத்தாக எழும், குழந்தைகள் இருக்கும் படகுக்கு அது ஆகாது. இன்னொரு காரணம் சுறா.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், பௌர்ணமி இரவு, வற்றம் முழு வேகத்தில். வந்திருந்தவர் கையில் நல்ல மீன். நங்கூரக் கயிற்றின் முனையில் எப்போதும் ஒரு மிதவைப் பந்து கட்டியிருப்போம். மீன் மாட்டினதும் பந்தைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் படகோடு மீனைத் துரத்த வேண்டும், அதுதான் முறை. அன்று அவர் ஆசைப்பட்டார் என்று நின்ற இடத்திலேயே 40 நிமிடம் இழுக்க விட்டேன். மீன் களைத்துப் போய் ஓட்டத்தோடு இழுபட்டது. திடீரென்று ராடு லேசானது. சுற்றிக்கொண்டு வந்தால் தலை மட்டும் வந்தது. செவுள் இன்னும் மூடித் திறந்துகொண்டிருந்தது. கொம்பன் சுறாவின் முதுகுத் துடுப்பு படகுக்குப் பத்தடியில் திரும்பியதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். தப்பு முழுக்க என்னுடையது.

டார்பன் முதல் முட்டை வைக்கவே சுமார் பத்து வருடம் ஆகும். 50 வயதைத் தாண்டியும் வாழும். நியூ ஜெர்சி பேரன் இழுத்த மீனுக்கு அநேகமாக அவனைவிட வயது கூட. இரை எடுக்க வைக்கும் அதே ஓட்டம்தான் களைத்த மீனைச் சுறாவிடமும் கொண்டுபோகிறது. அதனால் இப்போது என் படகில் கனமான ராடு, வட்ட முள் (வட்டமாக வளைந்த தூண்டில் கொக்கி), 80 பவுண்டு முன்நரம்பு (முள்ளை ஒட்டிக் கட்டும் தடித்த நரம்பு). மீன் எடுத்தால் வெடுக்கென்று இழுக்க வேண்டாம், சுற்றிக்கொண்டே இருங்கள், வட்ட முள் வாயோரத்தில் தானே மாட்டும். மீன் துள்ளினால் ராடை அதை நோக்கித் தாழ்த்துங்கள், நரம்பு தளர்ந்தால்தான் அறாமல் இருக்கும். 20 நிமிடத்துக்கு மேல் நான் இழுக்க விடுவதில்லை. சுறா தலை காட்டினால் அடுத்த நொடியே நரம்பை அறுத்துவிடுவேன். விடுபட்ட மீன் தப்பி ஓட அப்போதுதான் தெம்பு மிச்சம் இருக்கும்.

“சாப்பிடலாமா?” என்று கேட்காத ஆள் இல்லை. ஒரே முள், கொழகொழ சதை. அதை விடுங்கள், சட்டமே இடம் தராது. ஃப்ளோரிடாவில் 2013 முதல் டார்பனைப் பிடித்துவிட்டு விட்டுவிட வேண்டும். சாதனை எடைக்கு முயல்பவர்கள் மட்டும் தனிச் சீட்டு வாங்கி ஒன்று வைத்துக்கொள்ளலாம். 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே கூடாது. போட்டோவுக்கு நீங்கள் குனியுங்கள், மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும். பேரனுக்கு அப்படித்தான் எடுத்தோம். கையுறை போட்டு நான் கீழ்த்தாடையைப் பிடித்துக்கொள்ள, படகு ஓட்டத்துக்கு எதிரே மெதுவாக ஊர்ந்தது. வாய் வழியே புகுந்த தண்ணீர் செவுள் வழியே வெளியேறியது. உள்ளங்கை அகலச் செதில்கள், ஒவ்வொன்றும் எவர்சில்வர் மூடி மாதிரி. இரண்டு நிமிடம் இருக்கும். தாடை என் விரல்களை இறுக்கியது. விட்டேன்.

இந்த வசந்தத்தில் யாருடைய படகில் போவதாக இருந்தாலும், முன்பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். அன்று ஓட்டம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? மீன் மாட்டியிருக்கும்போது சுறா வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு “அறுத்துவிடுவேன்” என்று உடனே பதில் வரவில்லை என்றால் வேறு படகு பாருங்கள்.