எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் சத்தியா? பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்

கொழும்பில் ஸ்லீவ் எனப்படும் எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்து நான்கு வாரமான ஒரு அக்கா, மகளின் கையைப் பிடித்தபடி என் அறைக்கு வந்தார். எந்தப் புரத மா நல்லது என்று கேட்கத்தான் வந்தவர். பேச்சோடு பேச்சாக, "மிஸ், ரெண்டு வாய்தான் சாப்பிட்டன். அப்பிடியே நெஞ்சுக்குள்ள நிண்டிட்டுது. பிறகு ஒரே ஓங்காளம்" என்றார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். புட்டு. பிள்ளை ஒரு மாதமாகக் கஞ்சித் தண்ணியோடு கிடக்கிறதே என்ற கவலையில் அவருடைய அம்மா ஆசையாக அவித்துக் கொடுத்திருக்கிறார். ஐந்து நாளாகத் தினமும் மூன்று நான்கு தடவை சத்தி. ஏன் முதலே சொல்லவில்லை என்றதற்கு, "ஒப்பரேசன் செய்தா வாறதுதானே மிஸ், அப்பதானே மெலியலாம்" என்றார்.

இந்தப் பதிலை யாழ்ப்பாணத்தில் நான் பலரிடம் கேட்டுவிட்டேன். கொழும்பிலோ சென்னையிலோ சத்திரசிகிச்சை செய்துவிட்டு வீடு வந்தவர்கள், லண்டனிலோ ரொறன்ரோவிலோ செய்துவிட்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர்கள் என்று பலர். செய்த டொக்டர் தூரத்தில் இருக்கிறார், வீட்டில் உள்ளவர்களுக்கு விஷயம் தெரியாது. ஆகவே சத்தியை ஒரு நேர்த்திக்கடன் போலப் பொறுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சத்திரசிகிச்சை சத்தி எடுத்து மெலிவதற்காகச் செய்வது அல்ல. பசியும் கொள்ளளவும் குறைவதால்தான் எடை இறங்குகிறது. முதல் சில நாள் வயிற்றைப் பிரட்டுவது சாதாரணம். அதன் பிறகும் அடிக்கடி சத்தி வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேட வேண்டும்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு ஒடுங்கிய குழாய். இன்னொரு வகையான இரைப்பை பைபாஸில் உணவு முதலில் போய்ச் சேரும் பை இன்னும் சிறியது, ஏறக்குறைய 30 மில்லிலீற்றர்தான். உள்ளே தையல் ஆறும்வரை வீக்கமும் இருக்கும். அந்த இடத்துக்குள் நாங்கள் பழகிய வேகத்தில், பழகிய அளவில் சாப்பிட்டால் அது மேலே வராமல் என்ன செய்யும்?

நான் முதலில் கேட்பது என்ன சாப்பிட்டீர்கள் என்பதைவிட, எப்படிச் சாப்பிட்டீர்கள் என்பதைத்தான். கையால் குழைத்து எடுக்கும் ஒரு கவளம் இந்தப் புது இரைப்பைக்குப் பெரிது. சில மாதங்களுக்குத் தேக்கரண்டியை எடுங்கள். ஒரு வாயை 20, 25 தடவை மென்று, விழுங்கிய பிறகு கரண்டியைக் கீழே வையுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து அடுத்த வாய். அரை மணித்தியாலத்தில் முடிந்த அளவோடு நிறுத்துங்கள். நெஞ்சுக்குழியில் ஓர் அழுத்தம், விக்கல், மூக்கால் நீர் வடிதல், வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறல் இவற்றில் ஒன்று வந்தாலும் அது "போதும்" என்ற அறிவிப்பு. கோப்பையில் மிஞ்சினால் வீணாகிறதே என்று அதன் மேல் ஒரு வாய்கூட வைக்க வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். சாப்பாட்டு முடிவில் ரசமோ சொதியோ குடிப்பது எங்கள் பழக்கம். சோற்றை இளக்கச் சொதி விடலாம், தவறில்லை. ஆனால் கிண்ணத்தோடு குடிப்பது கூடாது. சாப்பிடும்போது குடிக்காமல், சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். மற்ற நேரமெல்லாம் மிடறு மிடறாக, நாளுக்கு ஒன்றரை லீற்றர் சேர வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் இங்கே உடம்பு வறண்டுபோவது தெரியாது. வறட்சியே ஓங்காளத்தை உண்டாக்கும், ஓங்காளம் வந்தால் தண்ணீர் குடிக்க மனம் வராது, வறட்சி இன்னும் கூடும். பலருக்கு இந்தச் சுழற்சியை உடைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். சலம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் காணாது என்று அர்த்தம். சோடா, இஞ்சி பியர் போன்ற வாயு நிறைந்தவை வேண்டாம். இஞ்சி வேண்டுமென்றால் சீனி போடாத இஞ்சித் தேநீரை ஆறவைத்துக் குடிக்கலாம்.

சரி, எங்கள் சாப்பாட்டில் எது இறங்கும்? டொக்டர் தந்த, கட்டம் கட்டமான உணவு அட்டவணைதான் முதல் சட்டம். பொதுவாக முதல் இரண்டு வாரம் திரவம், பிறகு சில வாரம் மசித்தது, அதன் பிறகு மென்மையானது, ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பின்தான் கெட்டியான உணவு. வடிகட்டிய பருப்புச் சாறு, உறைப்பில்லாத மீன் சாறு, மோர் என்று தொடங்கி, மசித்த பருப்பு, தயிர், அவித்து முள் எடுத்து மசித்த விளைமீன் அல்லது ஓரா, இளகலாக அவித்த முட்டை என்று போகலாம். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால் புரதத்தை முதல் வாயிலேயே தொடங்குங்கள். புட்டு, பாண், ரொட்டி, காய்ந்த சோறு எல்லாம் உள்ளே போய் உருண்டையாகத் திரளும். கணவாய் எவ்வளவு மென்றாலும் ரப்பர்தான். ஒடியலும் பனங்கிழங்கும் நார். இவற்றை மாதக்கணக்கில் ஒதுக்கி வையுங்கள். இடியப்பத்தைச் சொதியில் நன்றாக ஊறவைத்து, மென்மையான உணவுக் கட்டத்தில் ஒரு துண்டு பார்க்கலாம். ஒரு நாளில் ஒரு புது உணவுதான். அப்போதுதான் எது ஒத்துவரவில்லை என்று தெரியும்.

மணமும் பலருக்குப் பிரச்சினை. கருவாடு பொரிக்கும் மணத்துக்கே சத்தி வரும். வீட்டில் உள்ளவர்கள் அந்த நேரம் குசினிக் கதவைச் சாத்தினால் அது பெரிய உதவி. இரும்புச்சத்துக் குளிசையை வெறும் வயிற்றில் போட்டாலும் பிரட்டும். பைபாஸ் செய்தவர்களுக்குப் பாயாசம், பனங்கட்டி, குளுக்கோஸ் போன்ற இனிப்புகள் வேகமாகக் குடலுக்குள் இறங்கி, அரை மணித்தியாலத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றோட்டம் என்று கிடத்திவிடும். ஸ்லீவ் செய்த சிலருக்கும் இது வருவதுண்டு.

இனி, நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். தயமின் எனப்படும் விற்றமின் பி1 எங்கள் உடலில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் சேமிப்பில் இருக்கும். சாப்பாடும் குறைந்து சத்தியும் தொடர்ந்தால் சத்திரசிகிச்சை முடிந்து சில வாரங்களிலேயே அது தீர்ந்துபோகலாம். கால் விறைப்பு, நடை தள்ளாட்டம், ஒன்று இரண்டாகத் தெரிதல், பேச்சில் தடுமாற்றம், குழப்பம் என்று வரும். பிந்தினால் மூளையிலும் நரம்பிலும் நிரந்தரப் பாதிப்பு நிற்கலாம். தயமின் குறைவால் வரும் பெரிபெரி என்ற நோயின் பெயர், "முடியாது" என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அந்த நோயின் தாக்கத்தை அப்படியே சொல்லும் பெயர்.

இங்கே நாங்கள் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. ஆள் சோர்ந்துவிட்டால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறோம், இல்லையென்றால் பக்கத்துக் கிளினிக்கில் "ஒரு சேலைன் ஏத்தி விடுங்கோ" என்று கேட்கிறோம். அதிலும் குளுக்கோஸ் கலந்திருக்கலாம். தயமின் வற்றிய உடம்புக்குள் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் நிலைமை மோசமாகலாம், ஏனென்றால் குளுக்கோஸை எரிக்கவே தயமின் வேண்டும். அதனால் எந்த டொக்டரிடம் போனாலும் முதல் வசனமாக எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்ததையும், எத்தனை நாளாகச் சத்தி என்பதையும் சொல்லுங்கள். தயமின் ஊசி தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்டை அலமாரியில் பூட்டி வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள்.

இரண்டு மூன்று நாள் சத்தி நிற்காவிட்டாலும், ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, கடும் வயிற்று வலி, இடது தோள் வலி, இரத்தச் சத்தி என்றால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். தையல் கசிவாக இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குச் சில வாரம் கழித்துத் திரவம்கூட இறங்காமல் போனால் உணவு இறங்கும் வழியில் ஒடுக்கம் விழுந்திருக்கலாம், அதை என்டோஸ்கோப்பி (வாய்வழியாக விடும் கமராக் குழாய்) மூலம் விரிக்க முடியும். பித்தப்பைக் கல்லும் வேகமாக மெலியும்போது வருவதுதான், அதுவும் சத்திக்குக் காரணமாகலாம். கர்ப்பத்தாலும் சத்தி வரலாம், ஆகவே பெண்கள் கர்ப்பப் பரிசோதனையையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் விரதம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் ஒருபொழுது இருக்கலாமா என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். முதல் வருடத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு வேளையில் ஒரு நாளின் புரதம் உங்கள் வயிற்றுக்குள் கொள்ளாது, தண்ணீரும் குறையும். முருகன் கோபிக்கமாட்டார் என்று ஒரு அம்மாவிடம் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். அந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதே பதிலைத்தான் இன்னும் சொல்கிறேன்.

அந்த அக்காவை அன்றைக்கே வைத்தியசாலைக்கு அனுப்பினேன். தயமின் ஊசி போட்ட பிறகே சேலைன் ஏற்றினார்கள், மூன்றாம் நாள் வீடு வந்துவிட்டார். அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிவரச் சொன்னேன். அம்மா கொப்பியும் பேனையுமாக வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று திரும்பி, "அப்ப புட்டு எப்ப பிள்ளை குடுக்கலாம்?" என்று கேட்டார். ஆறு மாதம் கழித்து, சொதியில் நனைத்து, ஒரு தேக்கரண்டி என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.