கூண்டுக்கு வெளியே கோழிக்கு என்ன வேலை?

வீட்டுப் பின்புறத்தில் நான்கைந்து கோழிகளை வளர்க்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கூண்டின் அளவைத்தான். கூண்டைப் போதிய அளவு பெரிதாகக் கட்டிவிட்டால், திறந்துவிடாமலேயே கோழியை வளர்க்கலாமா என்ற கேள்வி, மொட்டைமாடியில் கோழி வளர்ப்போர் பெருகிய பிறகு அடிக்கடி காதில் விழுகிறது. கிராமத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே கூண்டு இரவுக்கு உரியது, பஞ்சாரம் குஞ்சுகளின் காவலுக்கு உரியது. பொழுது விடிந்ததும் பெட்டைக்கோழி தன் போக்கில் குப்பைமேட்டுக்குப் போய்விடும்.

அளவிலிருந்தே தொடங்கலாம். ஒரு முட்டைக்கோழி ஒவ்வோர் அசைவுக்கும் எவ்வளவு தரைப்பரப்பை எடுத்துக்கொள்கிறது என்பதை விலங்கு நடத்தை ஆய்வாளர் மரியன் டாக்கின்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் 1989இல் அளந்து வெளியிட்டார்கள். சும்மா நிற்பதற்குச் சராசரியாக 475 சதுர செ.மீ., உடலைத் திருப்புவதற்கு 1,272, சிறகடிப்பதற்கு 1,876 என்று அந்தக் கணக்கு வந்தது. அந்நாளைய ஐரோப்பியப் பண்ணைக் கூண்டுகளில் ஒரு கோழிக்கு உரிய குறைந்தபட்ச இடம் 450 சதுர செ.மீ. மட்டுமே, அதாவது ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. அத்தகைய வெற்றுக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் தடைசெய்தது. வீட்டுக் கூண்டின் நிலை இவ்வளவு மோசமில்லை. அமெரிக்காவில் வீட்டில் கோழி வளர்ப்போர், கோழி ஒன்றுக்குக் கூண்டினுள் 4 சதுர அடியும் வெளியே வலையடைத்த முற்றத்தில் 10 சதுர அடியும் என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். சிறகடிக்க ஏறத்தாழ 2 சதுர அடிதான் தேவை என்னும்போது, உள்ளே இருக்கும் 4 சதுர அடியிலேயே கோழியின் உடல் தாராளமாக அடங்கிவிடுகிறது. அப்படியானால் வெளியே இன்னொரு 10 சதுர அடி எதற்கு?

பகல் முழுவதும் கோழிக்கு வேலை இருக்கிறது என்பதுதான் இதற்கு விடை. நம் வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி; தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் மரபணுவும் அதில் கலந்திருக்கிறது, பல கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணம் அதுவே. இங்கிலாந்தின் விப்ஸ்னேட் விலங்குக் காட்சிசாலையில் திறந்தவெளியில் திரிந்த செங்காட்டுக்கோழிகளை டாக்கின்ஸ் நிமிடக்கணக்கில் கவனித்தபோது, அவற்றுக்குத் தீனி வைக்கப்பட்டு வந்தபோதிலும், பார்த்த நிமிடங்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் அவை தரையைக் கொத்தின, 34 விழுக்காட்டில் காலால் கிளறின. வீட்டுக் கோழியும் அப்படியே. கிண்ணம் நிறையத் தீனி இருந்தாலும், உழைத்துத் தேடினால் கிடைக்கும் தீனியையும் அது நாடிப் போகும் என்பது சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த செய்தி. ஆகவே கொத்துவதும் கிளறுவதும் பசிக்காக மட்டுமே நடப்பவை அல்ல. கொத்துவதற்குத் தரையில் ஒன்றும் இல்லாதபோது அந்த அலகு பக்கத்துக் கோழியின் இறகின்மேல் திரும்புகிறது; முதுகும் வாலடியும் மொட்டையாகிப் போன கோழிகளைப் பார்த்து ஏதோ சத்துக்குறைவு என்று மருந்து வாங்கும் முன், அவற்றுக்குக் கிளற என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

புழுதிக் குளியலை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புரியும். எங்கள் வீட்டுப் பெட்டைக்கோழி ஒன்று உச்சிப்பொழுதில் கனகாம்பரத் தொட்டிக்குள் ஏறி, அலகால் மண்ணைத் தன் பக்கம் இழுத்துச் சேர்த்து, காலால் பறித்துக் குழியாக்கி உட்காரும். பிறகு இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, சிறகுகளை மேலும் கீழும் உதறி, புழுதி தோல்வரை இறங்கும்படி வாரி இறைக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து காலை நீட்டிப் படுத்து உரசும்போது, புதிதாகப் பார்ப்பவர்கள் கோழி செத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துவிடுவார்கள். அரைமணி நேரம் கழித்து எழுந்து ஒரே உதறலில் அத்தனை மண்ணையும் கொட்டும். கனகாம்பரத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை. கோழிகள் ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை இவ்வாறு குளிக்கின்றன. இறகில் பழசாகிச் சேர்ந்த எண்ணெய்ப் பசையைப் புழுதி உறிஞ்சி எடுத்துவிடுவதால், இறகு மீண்டும் பொலபொலவென்று பிரிந்து காற்றைப் பிடித்து வைக்கும். மண்ணே இல்லாத கம்பித் தரையில் வளரும் கோழிகள்கூட வெறும் கம்பியின்மேல் இதே அசைவுகளைச் செய்து பார்க்கின்றன. பல நாள் மண் கிடைக்காத கோழிக்கு அது கிடைத்தால், வழக்கத்தைவிட நீண்ட நேரம் குளிக்கிறது.

வெயிலுக்கும் இதில் பங்குண்டு. புறஊதாக் கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி உருவாவதற்கான மூலப்பொருள், கோழியின் இறகு மூடாத கால் தோலில்தான் மிகுதியாக இருக்கிறது. வெளியே திரியும் கோழிகளின் முட்டைக் கருவில் இந்த வைட்டமின், உள்ளேயே அடைபட்டிருக்கும் கோழிகளின் முட்டையில் உள்ளதைவிட மூன்று நான்கு மடங்கு இருந்ததாக ஜெர்மனியில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடைத் தீவனத்தில் வைட்டமின் டி கலந்தே வருகிறது என்பதால், அதைத் தின்னும் கோழிக்கு வெயில் இல்லாததால் பெரிய குறை வந்துவிடாது. நொய்யும் கம்பும் மட்டும் தின்னும் கோழிக்கு அந்த வசதி இல்லை. கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால், சன்னல் வழியே வரும் வெயிலும் அதற்கு உதவாது.

இதற்காக வெட்டவெளியில் திறந்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. கோழி புதர்க்காட்டுப் பறவை. நிழலும் மறைவும் இல்லாத வெளியைக் கண்டால் அது அஞ்சும். பெரிய பண்ணைகளில் ஏக்கர் கணக்கில் புல்வெளி இருந்தும் பல கோழிகள் கொட்டகை வாசலைவிட்டு அதிக தூரம் போவதில்லை, மரம் நட்ட பிறகே அவை பரவலாக நடமாடுகின்றன. வானத்தில் பருந்தைக் கண்ட சேவல் எழுப்பும் குரல் வேறு, தரையில் கீரியையோ நாயையோ கண்டால் எழுப்பும் குரல் வேறு. முதல் குரலைக் கேட்டதும் பெட்டைகள் ஓடி ஒளிய ஒரு முருங்கையோ சாய்த்து வைத்த தட்டியோ அருகில் இருக்க வேண்டும். வியர்வைச் சுரப்பி இல்லாமல், வாயைத் திறந்து மூச்சுவாங்கியே உடல் சூட்டைத் தணிக்க வேண்டிய பறவைக்கு நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த நிழல் உயிர்காப்பு. தகரக் கூரை போட்ட கூண்டில் பகலெல்லாம் அடைத்துவைப்பது எவ்வளவு கொடுமை என்பதையும் இதிலிருந்தே ஊகிக்கலாம்.

நோய்க்கும் வெளி ஒரு வழிதான். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரி, கோழி எச்சத்தில் வெளிவந்ததும் உடனே நோய் பரப்பாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் அந்தத் திறனைப் பெறுகிறது. ஆகவே எப்போதும் சேறாகக் கிடக்கும் குறுகிய முற்றம், உலர்ந்த கூண்டைவிட ஆபத்தானது. கோழிகள் மிதித்துப் புல்லெல்லாம் போன இடத்தைச் சில வாரம் ஆறப்போட்டு வேறு பக்கம் விடுவதும், ஆண்டுதோறும் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடாமல் இருப்பதும் புறக்கடைக் கோழி வளர்ப்பில் தவிர்க்கக்கூடாதவை. பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் கோழியை அடைத்துத்தான் வைக்க வேண்டும். அது வேறு விஷயம்.

இடமே இல்லாத மாடியிலும் கோழியின் வேலையை ஓரளவு உள்ளே கொண்டுவந்துவிடலாம். கூண்டுத் தரையில் தேங்காய் நார்த்தூளையோ உமியையோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, தானியத்தைக் கிண்ணத்தில் வைக்காமல் அதில் தூவி, ஒரு மூலையில் உலர்மண்ணும் சாம்பலும் நிரப்பிய அகலத் தட்டை வைத்தால், கிளறலும் குளியலும் நடந்துவிடும். முற்றம் இருந்தும், காவலுக்கு ஆளில்லாததால் நாள் முழுதும் திறந்துவிட அஞ்சுபவர்கள், பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பு திறந்துவிட்டுப் பார்க்கலாம். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அதனால் அது அதிக தூரம் போகாமல் அவசர அவசரமாகக் கிளறிவிட்டு, வெளிச்சம் மங்கும்போது யாரும் விரட்டாமலே ஒன்றன்பின் ஒன்றாகக் கூண்டுக்குள் ஏறிவிடும். கதவைச் சாத்துவது ஒன்றுதான் நமக்கு மிச்சம்.