மும்முனை மின்சாரம் வந்ததும் ஃபியூஸ் போவது ஏன்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பகலில் சோலார் மின்சாரம் மிஞ்சுகிறது, அப்போது மோட்டார் ஓட்டினால் கிரிட்டுக்கு (மின் வலையமைப்புக்கு) நல்லது என்கிறார்கள். எங்கள் ஊரில் மும்முனை வந்த வேகத்திலேயே டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ் போய்விடுகிறதே?"

முதல் பாதி பள்ளிப் பாடம்தான். உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். பயன்பாடு கூடினால் ஜெனரேட்டர்கள் தளர்ந்து மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து சரியும். நம் கிரிட்டில் இருக்க வேண்டிய எல்லை 49.90 முதல் 50.05. அந்த வேளையில் 5 மெகாவாட் சுமையை நிறுத்துவதும் 5 மெகாவாட் கூடுதலாக உற்பத்தி செய்வதும் கிரிட்டுக்கு ஒன்றே.

எதை நிறுத்தலாம்? தள்ளிப்போட்டால் கெடாததை. 1000 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 0.45 யூனிட் ஆகும். தொட்டியில் இடமிருந்தால் அதை மாலை ஏழுக்குப் பதில் நண்பகலில் ஏற்றிவிடலாம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் டின்களை வேகவைக்கும் ரிட்டார்ட்டைப் பாதியில் நிறுத்த முடியாது. குளிர் அறையை, கதவைத் திறக்காமல், அரை மணி நேரம் நிறுத்தலாம்.

ஆலைகளுக்கு விலை பேசும்: 2023ஆம் ஆண்டு மத்திய விதிப்படி சூரிய ஒளி நேரக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் மலிவாக இருக்க வேண்டும். விவசாயத்துக்கு இலவச மின்சாரம், விலை பேசாது. மும்முனை வரும் நேரம்தான் கடிவாளம். வம்பு அங்கேதான்.

63 கேவிஏ டிரான்ஸ்பார்மர் 415 வோல்ட்டில் தாங்குவது சுமார் 88 ஆம்பியர். 7.5 எச்.பி. மோட்டார் ஓடும்போது 11 ஆம்பியர் இழுக்கும். ஏழு ஓடினால் 77, பிரச்சினை இல்லை. ஆனால் முழு வோல்டேஜையும் ஒரேயடியாகக் கொடுக்கும் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது ஒவ்வொன்றும் ஆறு மடங்கு கேட்கும். எல்லார் கொட்டகையிலும், மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டர். மின்சாரம் வந்ததும் ஏழும் ஒன்றாகக் கிளம்பினால் தேவை 460 ஆம்பியர். வோல்டேஜ் சரியும். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 70 சதவீத வோல்டேஜில் பாதி விசைதான் மிஞ்சும். மோட்டார் முக்கிக்கொண்டே நிற்கும். இரண்டு நொடியில் தணிய வேண்டிய மின்னோட்டம் தணியாது. ஃபியூஸ் போகும், இல்லையேல் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும். டிரான்ஸ்பார்மருக்குத் திருஷ்டிப் பூசணி சுற்றுகிறவர்கள் ஸ்டார்ட்டரின் மூடியைத் திறந்து பார்ப்பது மேல்.

உள்ளே டைமர் இருக்கும். கடையிலிருந்து வந்தபடியே விட்டால் ஏழும் ஒரே நொடியில் எண்ணி முடிக்கும். தாமதம் உண்டு, பயன் இல்லை. ஒவ்வொரு முறையும், முதல் இரண்டு நிமிடத்தை விட்டு, அடுத்த பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நொடியைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கும் ஸ்டார்ட்டராக இருந்தால்? கிளம்ப இரண்டு நொடி என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஏதேனும் இரண்டு மோட்டார் மோதும் வாய்ப்பு ஏழில் ஒன்றுதான். மோதினாலும் பெரும்பாலும் இரண்டு மோட்டார்தான், ஏழு அல்ல. யாரும் யாரிடமும் பேசாமல் வரும் இந்த ஒழுங்கு எனக்கு மிகப் பிடித்த விஷயம். மிஞ்சும் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிக்குக் கோடி ஒதுக்குகிற இடத்தில் இந்தச் சில்லறைக்கும் பணம் ஒதுக்கலாம்.

அதுவரை அண்டை வீட்டாரோடு பேசி டைமர்களை 2, 3, 4 நிமிடம் என்று மாற்றி வையுங்கள். இரண்டுக்குக் கீழே வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றில் மின்சாரம் நின்றதும், நீரைத் திரும்ப விடாத செக் வால்வு கசிந்தால், குழாயிலுள்ள நீர் இறங்கிப் பம்பைப் பின்னோக்கிச் சுழற்றும். அந்த நிலையில் மோட்டார் கிளம்பினால் ஷாஃப்ட் முறியலாம்.