பேட்டரி இறங்கிய காரில் டிக்கி ஏன் திறப்பதில்லை?

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வெளியூர் போய்ச் சில வாரங்கள் கழித்துத் திரும்பியபோது காரின் பேட்டரி இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியிலிருந்து மின்சாரம் கொடுக்கத் தயார். ஆனால் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ஜம்பர் கேபிள் டிக்கிக்குள் இருந்தது. டிக்கியோ பொத்தானை அழுத்தினால் மட்டும் திறக்கும் வகை. "இப்படி ஒரு வண்டியை எந்தப் பொறியாளர் வடிவமைப்பார்?" என்று கேட்கிறார்.

அவருடைய கோபம் நியாயமானது. சில கார்களில் சிக்கல் இதைவிடப் பெரிது. 2004 முதல் 2009 வரையிலான டொயோட்டா பிரியஸிலும் பல பிஎம்டபிள்யூ கார்களிலும் 12 வோல்ட் பேட்டரியே பின்புறச் சாமான் பகுதிக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் வழி இருக்கிறது. அந்த வழி புரிய வேண்டுமானால் டிக்கியின் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். காரில் உள்ள பாகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

முதலில் பேட்டரி. ஈய-அமில பேட்டரியில் ஆறு அறைகள் தொடராக இணைந்திருக்கும். அறைக்குச் சுமார் 2.1 வோல்ட் என, முழுமையாக மின்னேற்றியபின் 12.6 வோல்ட் கிடைக்கும். வண்டியை அணைத்த பிறகும் அலாரமும் சாவியின் ரேடியோ சைகையைக் கேட்கும் பகுதியும் விழித்துக்கொண்டேதான் இருக்கும். அவை 50 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்திற்குள் காலி. உள்விளக்கை அணைக்க மறந்துவிட்டால் மூன்று நான்கு நாள்கள்கூடத் தாங்காது.

இனி பூட்டு. டிக்கியின் மூடியில் ஒரு கவ்வி இருக்கும். கவணின் கவை போல இரண்டாகப் பிளந்த தடித்த எஃகுத் துண்டு. காரின் உடலில் வளைந்த கம்பி ஒன்று நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். சில வண்டிகளில் இவை இரண்டும் இடம் மாறியும் இருக்கலாம். மூடியைச் சாத்தும்போது அந்தக் கம்பி கவ்வியின் பிளவுக்குள் நுழைந்து அதைச் சுழற்றுகிறது. கவ்வி சுழன்று முடிந்த கணத்தில், சுருள்வில்லால் தள்ளப்பட்டுப் பக்கத்தில் காத்திருக்கும் ஒரு சிறிய நாக்கு, கவ்வியின் படியில் 'டக்' என்று விழுந்து முட்டுக்கொடுக்கிறது. இனிக் கவ்வி பின்னோக்கிச் சுழல முடியாது. டிக்கி பூட்டிவிட்டது. இதில் எந்த இடத்திலும் மின்சாரம் இல்லை.

இதன் அழகு அந்த நாக்கு நிற்கும் கோணத்தில் இருக்கிறது. மூடியின் விளிம்பிலுள்ள ரப்பர் பட்டை நசுங்கி, மூடியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த விசை முழுவதும் கம்பி வழியாகக் கவ்விக்கும், கவ்வியிலிருந்து நாக்குக்கும் வருகிறது. நாக்கு தாங்கும் விசையின் கோடு அதன் சுழல் அச்சுக்கு மிக அருகில் செல்லும்படி வடிவமைத்திருக்கிறார்கள். திருப்புவிசை என்பது விசையை அச்சிலிருந்து அதன் கோட்டுக்குள்ள தூரத்தால் பெருக்கி வருவது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தூரம் ஏறக்குறைய சுழியம் என்றால், விசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாக்கைத் திருப்பும் அளவு சொற்பம்தான். யாரோ மூடியைப் பிடித்து மேலே இழுத்தாலும் அந்த இழுப்பு எஃகின் முதுகில் ஏறி அச்சில் இறங்கிவிடுகிறது. மூடி கழன்று வராது.

அதே கோணம் திறக்கும்போதும் உதவுகிறது. நாக்கைப் பக்கவாட்டில் நகர்த்த, அந்தப் பெரிய விசையை எதிர்த்துப் போராட வேண்டியதில்லை. நாக்குக்கும் கவ்விக்கும் இடையிலுள்ள உராய்வையும், ஒரு சிறிய சுருள்வில்லையும் வென்றால் போதும். அதனால்தான் கைக்குள் அடங்கும் ஒரு சிறு மோட்டார், பற்சக்கரங்களின் உதவியோடு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பொத்தானை அழுத்தும்போது நடப்பது இவ்வளவுதான்: மோட்டார் நாக்கை நகர்த்துகிறது, ரப்பரின் அழுத்தம் கவ்வியைத் திருப்பி மூடியை எழுப்புகிறது. சில மில்லிமீட்டர் நகர்த்தும் அந்த வேலைக்கு மட்டும்தான் மின்சாரம். அதையே ஒரு கம்பி வடமும் செய்யும், சாவியும் செய்யும்.

இதிலிருந்து இரண்டு உபாயங்கள் தாமாகவே கிடைக்கின்றன.

எஞ்சினைக் கிளப்ப முடியாத பேட்டரி டிக்கியைத் திறக்கவும் முடியாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். டிக்கி மோட்டாருக்குச் சில ஆம்பியர் போதும். இறங்கிய பேட்டரியின் உள்தடை, அதாவது தனக்குள்ளேயே மின்சாரத்தைத் தடுக்கும் அளவு, 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுத்தால் பேட்டரிக்குள்ளேயே 5 வோல்ட் வீணாகிறது. வண்டியின் கணினிகள் மயங்கிவிடும். டிக்கி மோட்டார் 5 ஆம்பியர் இழுத்தால் இழப்பு கால் வோல்ட்தான். ஆகவே சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வந்தால், மீண்டும் மீண்டும் முயன்று மிச்சமிருப்பதையும் தீர்த்துவிடாதீர்கள். விளக்கு, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் பொறுங்கள். தகடுகளின் நுண்துளைகளுக்குள் அமிலம் மீண்டும் பரவி மின்னழுத்தம் சற்றே ஏறும். அப்போது முதல் வேலையாக டிக்கிப் பொத்தானை அழுத்துங்கள்.

மோட்டார் முனகுகிறது, ஆனால் திறக்கவில்லையா? ஒருவர் மூடியை உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்தட்டும். இன்னொருவர் பொத்தானை அழுத்தட்டும். ரப்பரின் விசை குறையும்போது நாக்கின் மீதுள்ள உராய்வும் குறைகிறது. வலுவிழந்த மோட்டாருக்கு அந்தச் சலுகை போதுமானதாக இருக்கலாம்.

பேட்டரி முழுவதுமாகவே செத்திருந்தால் இயந்திர வழிதான். ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் நெம்புகோல் உள்ள கார்களில் பிரச்சினையே இல்லை. அது வடத்தால் நாக்கை நேரடியாக இழுக்கிறது. ரிமோட் சாவியின் உடலுக்குள் பெரும்பாலும் ஓர் உலோகச் சாவி ஒளிந்திருக்கும். ஓட்டுநர் கதவின் கைப்பிடிக்கு அருகே, சில கார்களில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், அதற்கான துவாரம் இருக்கும். உள்ளே போய்ப் பின் இருக்கையை மடித்தால் டிக்கிக்குள் கை நுழையும். பின்கதவு கொண்ட பல ஹாட்ச்பேக் வண்டிகளில், கதவின் உட்பக்க உறையிலுள்ள சிறு மூடியைக் கழற்றினால் நெம்புகோல் தெரியும், பிரியஸிலும் இப்படித்தான். பின் இருக்கை மடங்காத செடானில் இது உதவாது. அப்போது முன்புற பானட்டைத் திறந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் பானட் இன்றும் வடத்தால்தான் திறக்கிறது. பேட்டரி பின்னால் உள்ள கார்களில் மின்சாரம் கொடுப்பதற்கான முனையைப் பானட்டுக்கு அடியில் வைத்திருப்பதன் காரணம் அதுதான். டெஸ்லா மாடல் 3-இல் முன்புறச் சாமான் பெட்டியே மின்சாரத்தால் திறப்பது. அதனால் முன் பம்பரில் இழுவைக் கொக்கிக்கான மூடிக்குப் பின்னால் இரண்டு கம்பிகளை விட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் பூட்டு விடுபடும். காரின் சொந்த பேட்டரியில் மின்சாரம் இருக்கும்போது பூட்டியிருந்தால் அந்த வழி வேலை செய்யாது. திருடனுக்கு அது பயன்படக் கூடாதல்லவா?

இயந்திர வழி என்பது வசதிக்கு மட்டும் உரியதல்ல. 1995-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜேனட் ஃபென்னலையும் அவர் கணவரையும் கொள்ளையர்கள் கடத்தி, அவர்களுடைய காரின் டிக்கிக்குள் அடைத்தார்கள். உயிர் தப்பிய ஜேனட், டிக்கிக்கு உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1998 கோடையில் அமெரிக்காவில் பதினொரு குழந்தைகள் டிக்கிக்குள் சிக்கி இறந்தார்கள். 2001 செப்டம்பர் முதல், அங்கு விற்பதற்காகத் தயாராகும் டிக்கி வைத்த கார்களில் உட்புறக் கைப்பிடி கட்டாயமானது. இருட்டில் ஒளிரும் பூச்சோடு பெரும்பாலும் வரும் அந்தக் கைப்பிடியும் பல கார்களில் ஒரு வடத்தின் முனைதான். நிறுத்திவைத்த காருக்குள் குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்த செய்தியை நாமும் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். இங்கும் ஒவ்வொரு காரிலும் இது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புது வண்டி எடுக்கும் நாளில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அது அவரவர் நம்பிக்கை. அதே நாளில் விற்பனையாளர் பேட்டரி இல்லாமல் டிக்கியைத் திறக்கும் விதத்தைச் செய்துகாட்ட வேண்டும். காட்டும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கோயம்புத்தூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. டிக்கி திறந்ததும் கேபிளை எடுத்துக்கொண்டு, கைப்பழக்கத்தில் மூடியைச் சாத்திவிடாதீர்கள். திறக்கத்தான் மின்சாரம் வேண்டும், சாத்துவதற்கு வேண்டியதில்லை. எஞ்சின் ஓடத் தொடங்கும்வரை மூடி திறந்தே இருக்கட்டும்.